இலக்கு நோக்கிய திரவச் சிகிச்சை

நோயாளிக்குச் சிரை வழியே ஏற்றும் சலைன், ரத்தம், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகள் ஆகியவற்றின் அளவை, முன்பே குறித்துவைத்த உடல் அளவீடுகள் எட்டப்படுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானிக்கும் முறை. பெரிய அறுவை சிகிச்சைகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் கையாளப்படுகிறது. திரவம் குறைந்தால் சிறுநீரகமும் குடலும் ரத்தமின்றி வாடும். மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும். எந்த அளவீட்டை நம்புவது என்பதே இம்முறையின் வரலாறு நெடுக நடந்துவரும் வழக்கு. டெல்லியில் அது எய்ம்ஸின் இதய அறுவை அரங்கிலும் நடந்தது. டெங்குக் காலத்துப் பொது வார்டுகளிலும் நடந்தது.

பெயர்தான் புதிது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, காலரா நோயாளிகளின் சிரையில் உப்புநீரைச் செலுத்தினார். நாடி திரும்பும்வரை ஏற்றினார். மறுபடி விழுந்தால் மறுபடி ஏற்றினார். காலரா நோயாளியின் ரத்தத்தில் நீரும் உப்பும் வற்றிப்போவதைச் சோதித்துக் காட்டி அவருக்கு வழிதிறந்த வில்லியம் ஓஷானெசி அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு வந்தார். ஆனால் இந்தியாவில் அவர் பெயரை நிலைக்கவைத்தது அவர் அமைத்த தந்திக் கம்பிதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கல்கத்தாவில் மருத்துவர் லெனார்டு ராஜர்ஸ் இன்னொரு படி ஏறினார். கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சிறு குப்பிகளை வரிசையாக வைத்து, நோயாளியின் ரத்தத்துளியை ஒவ்வொன்றிலும் விட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்தார். ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதையும் ரத்த அழுத்தத்தையும் வைத்தே உப்புநீரின் அளவை முடிவு செய்தார். அவரது வார்டில் காலரா இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இச்சிகிச்சைக்கு இந்திய முன்னோடியைத் தேடுபவர் இந்தக் குப்பிகளிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

கருவிகளின் காலம் 1970இல் தொடங்கியது. நுனியில் பலூன் கொண்ட கதீட்டரை இதயத்தின் வழியே நுரையீரல் தமனிவரை செலுத்தும் உத்தியை மருத்துவர்கள் ஸ்வானும் கான்ஸும் அந்த ஆண்டு வெளியிட்டனர். அதைக் கொண்டு, திசுக்களுக்குச் செல்லும் ஆக்ஸிஜனை இயல்பைவிட உயர்த்தினால் ஆபத்தான அறுவைகளில் உயிர்ச்சேதம் குறைகிறது என்று 1988இல் அமெரிக்க மருத்துவர் ஷூமேக்கர் அறிவித்தார். 1994இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு எதிர்மாறாகச் சொன்னது: ஏற்கெனவே கவலைக்கிடமாக இருப்பவர்களை மருந்தால் அப்படி விரட்டினால் 54 விழுக்காட்டினர் இறக்கிறார்கள், விரட்டாவிட்டால் 34. பிறகு 2001இல் டெட்ராய்ட் மருத்துவர் இம்மானுவேல் ரிவர்ஸ், கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நோயாளிகளுக்கு முதல் ஆறு மணி நேரத்திலேயே இலக்குகளை எட்டினால் இறப்பு 46.5இலிருந்து 30.5 விழுக்காடாகிறது என்று காட்டினார். உலகமே அதைப் பின்பற்றியது. 2014, 2015 ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டு வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்த ஆதாயம் தெரியவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் சாதாரண சிகிச்சையே மேம்பட்டிருந்தது ஒரு காரணம்.

எய்ம்ஸில் பூனம் மல்ஹோத்ரா கபூர் குழுவினர் இம்முறையை இதய அறுவைக்குக் கொண்டுவந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். தமனியில் எழும் அழுத்த அலையின் வடிவத்திலிருந்தே இதயம் வெளியேற்றும் ரத்தத்தைக் கணிக்கும் கருவியைப் பயன்படுத்தியதால், கதீட்டரை இதயத்துக்குள் விட வேண்டியிருக்கவில்லை. இலக்கு வைத்துக் கவனிக்கப்பட்டவர்கள் செயற்கைச் சுவாசத்திலிருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் விரைவாக விடுபட்டனர். நோயாளிகள் 30 பேர்தான். வழி காட்டும் ஆய்வு என்று கொள்ளலாம், தீர்ப்பு என்று கொள்ள முடியாது.

டெல்லியின் பெருந்திரளை இம்முறை தொட்டது டெங்கு வழியாகத்தான். 1996 கொள்ளைநோயில் டெல்லியில் 10,252 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 423 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. காய்ச்சல் தணியும் வேளையில், 24 முதல் 48 மணி நேரம்வரை, ரத்தக்குழாய்ச் சுவர் வழியே பிளாஸ்மா கசிவதுதான் இந்நோயின் கண்டம். கசியக் கசிய ரத்தம் கெட்டிப்படும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட் 20 விழுக்காடோ அதற்கு மேலோ உயரும். ராஜர்ஸின் குப்பிகள் காட்டியதும் ஏறக்குறைய இதையேதான். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 20 மி.மீ. அளவுக்குச் சுருங்கினால் அதிர்ச்சி நிலை. முதல் மணியில் கிலோவுக்குச் சுமார் 10 மி.லி. ஏற்றி, ஹெமட்டோகிரிட்டும் சிறுநீரும் தேறத் தேறப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதிர்ச்சி நீங்காமலே ஹெமட்டோகிரிட் இறங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அப்போது தேவை சலைனல்ல, ரத்தம். கசிவுக் கட்டம் முடிந்தபின் திரவம் தானாகக் குழாய்களுக்குத் திரும்பும். அதைக் கவனிக்காமல் பாட்டிலைத் தொங்கவிட்டால் நோயாளி மூச்சுத் திணறுவார்.

பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மானித்யா வகுத்த இந்த அணுகுமுறை, உலக சுகாதார நிறுவனத்தின் டெல்லி மண்டல அலுவலகம் 1999இலும் 2011இலும் வெளியிட்ட கையேடுகள் வழியே பரவியது. இலங்கை இன்னும் கறாராக இருந்தது: 50 கிலோ எடையுள்ளவருக்கு ஆபத்துக் கட்டம் முழுமைக்கும் 4,600 மி.லி. என்று பங்கு வகுத்து, மணிவாரியாகக் கணக்கெழுதச் சொன்னது. வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்களோ டெல்லியில் ஆட்டுப்பாலும் தமிழ்நாட்டில் பப்பாளி இலைச்சாறுமாகத் தட்டணு எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள். செய்தித்தாள்களும் அந்த எண்ணைத்தான் கேட்கின்றன. உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மற்றொரு எண்: ஹெமட்டோகிரிட்.

மலிவான அளவீடுகளுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது, திரவத்தை அள்ளி ஏற்றுவதில் தயக்கமும் கூடியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் இறந்தனர். விரல் நுனியை அழுத்தி விட்டால் எத்தனை நொடியில் சிவக்கிறது என்று பார்ப்பதையும் ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் பரிந்துரை ஏற்றது. எல்லோருக்கும் கிலோவுக்கு 30 மி.லி. என்ற விதியை அதே பரிந்துரை வலுவான நிலையிலிருந்து வெறும் யோசனையாக இறக்கியது.