அவர் என்னும் சொல்லும் பழவேற்காட்டுப் பாடும்

திருப்பாலைவனத்துக்குக் கிழக்கே விரியும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அடங்குவதால், அதன் கரையூர்களில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகவே அருகருகே வழங்கி வருகின்றன. ஆயினும் படர்க்கையில், அதாவது பேசுவோரும் கேட்போரும் அல்லாத ஒருவரைச் சுட்டுமிடத்தில், இரண்டும் பாலை வெவ்வேறு விதமாகப் பகுக்கின்றன. தெலுங்கில் ‘வாடு’ ஆணுக்கு உரியது, ‘அதி’ பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொது. ‘ஆமெ’ என்று மதிப்போடு சுட்டப்படும் பெண்ணுக்கும் ஒருமையில் அஃறிணைக்குரிய வினைமுற்றே வருகிறது. அவன், அவள், அது என மூன்றாகப் பிரிக்கும் தமிழ், ‘அவர்’ என்னும்போது மட்டும் ஆண் பெண் பாராமல் விட்டுவிடுகிறது.

பிலிப்பைன்ஸின் தகலோக் மொழிக்கு இயல்பிலேயே ‘சியா’ என்ற ஒரே சொல் இருபாலார்க்கும் போதுமானதாக இருக்க, தமிழுக்கு இந்தப் பொதுமை மரியாதையின் வழியே வந்து சேர்ந்தது. தொல்காப்பியம் ஐம்பாலுள் ஒன்றாக வைக்கும் பலர்பால், மாந்தர் பலரை ஆண் பெண் பிரிக்காமல் குறிப்பது; ஒருவரை அப்பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல்லே அன்றி இலக்கண நெறி அன்று என்று அந்நூல் ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட அவ்வழக்கே பின்னர் எழுத்துத் தமிழின் நெறியாகிவிட்டது. பேச்சிலோ கதை வேறு: சென்னையை ஒட்டிய வட்டாரங்களில் ‘அவரு’ ஆணையே குறிக்க, மதிப்புக்குரிய பெண்ணுக்கு ‘அவங்க’ என்பதே வழங்குகிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ‘ஹி’, ‘ஷி’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருப்பதால், ‘அவர்’ பெரும்பாலும் ஆணாகவே கடந்துபோகிறது. ஒருமைக்கு ‘தே’ என்று எழுதும் பழைய ஆங்கில வழக்கைக் கையாள்வோர் சிலரே.

ஆனால் பழவேற்காட்டு மீனவரின் பாடு முறையைப் பற்றி எழுதுகையில் அந்த ‘ஹி’ பிழையாவதில்லை. பாடு என்பது ஏரியில் இறால் ஓடும் நீர்ப்பகுதிகளில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும், பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் வழக்கம். அதில் பங்கு பெறும் அலகு தலைக்கட்டு, அதாவது ஊர்க்கணக்கில் ஏறிய குடும்பம். அச்சொல்லில் ஆண்பால் ஈறு எதுவும் இல்லை. பங்கு மட்டும் ஆணுக்கே உரியது. சொல் பொதுவாக இருப்பதால் உரிமையும் பொதுவாகிவிடும் என்று எதிர்பார்ப்பது மொழியிடம் அளவுக்கு மீறிக் கேட்பதாகும். இந்தப் பங்குக்கு வெளியே, எண்ணூர், பழவேற்காடு வட்டாரங்களில், இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை.