எலி சொல்லும் சேதி

நம்ம மட்டாஞ்சேரி பஜாரிலே அரிசி, மிளகு, சுக்கு என்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு எலி புதிசில்லை. மூட்டையைக் கடித்தால் திட்டுவோம், அதோடு சரி. ஆனால் எலியின் நடத்தையிலே மனிதனுக்கு வரப்போகிற நோய் தெரியும் என்பதற்கு வரலாறு சாட்சி.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, அலெக்சாண்டர் யெர்சன் என்ற மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். செத்த எலிகளிலும் அதே கிருமி இருந்தது. 1896இல் நோய் பம்பாய்க்கு வந்தது. துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வி பகுதியிலேதான் செப்டம்பர் மாதம் டாக்டர் வீகாஸ் அதை இனம் கண்டார். அங்கேயும் எலிகள் செத்து விழுந்தன. அரசாங்கமோ வீடுகளைக் கழுவியது, மனிதரைப் பிரித்து வைத்தது. எலியிடமிருந்து மனிதனுக்கு நோய் எப்படித் தாவுகிறது என்பது அப்போது விளங்கவில்லை.

இதை விளக்கியவர் பால் லூயி சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1898இல் கராச்சியிலே அவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொடாதபடி வலைக்கம்பி தடுத்து வைத்தார். நோயுற்ற எலி செத்ததும் அதன் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் தாவின. நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. உடல் குளிர்ந்தால் பூச்சி அங்கே தங்காது. அடுத்த உயிரைத் தேடும். அப்போது பலர் இதை நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து இந்தியாவிலே நடந்த பிளேக் ஆய்வுகள் அவர் சொன்னதே சரியென்று உறுதி செய்தன. அதற்குள் லட்சக்கணக்கான உயிர்கள் போய்விட்டன.

படிக்காத கிராமத்து ஜனங்கள் இதைக் கண்ணாலேயே கண்டுகொண்டார்கள். பிளேக் பிடித்த எலி பகலிலே வெளியே வரும், ஆளைக் கண்டால் ஓடாது, தள்ளாடி விழும். அதைப் பார்த்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கினவர்கள் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் இன்றைக்கும் இருக்கிற பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்து பயத்தின் நினைவுதான்.

ஆனால் எல்லா நோயிலும் எலி சேதி சொல்லாது. மலையாளத்தில் எலிப்பனி என்றும் நாம் எலிக்காய்ச்சல் என்றும் சொல்கிற நோயிலே, எலி நோவு இல்லாமல் திடமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் சிறுநீரில் கிருமி இருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்திலே இது பரவி, தடுப்புக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். எலி நல்லாத்தானே இருக்கிறது என்று நம்பி, காலிலே புண்ணோடு மழைத்தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கியவருக்குப் பின்னாலே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.