நிழலுக்கும் நிறம் உண்டு

அசிசி நகரில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேற்கோவிலில் ஒரு சிலுவைக் காட்சி உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமாபுவே என்னும் ஓவியர் அதைத் தீட்டினார். முதன்முறை காண்பவர் திகைத்து நிற்பர். ஒளிவிட வேண்டிய இடங்கள் கறுத்தும், நிழலாக இருக்க வேண்டியவை வெளிறியும், புகைப்படக்காரரின் நெகட்டிவ் சுருளைப் போல் அது தோன்றும். ஓவியர் சுவரில் தீட்டிய ஈய வெள்ளை காலப்போக்கில் கறுத்துப் போனதே காரணம்.

நிறம் ஒன்று, அந்நிறத்தின் வெளிச்சமும் கருமையும் மற்றொன்று. பின்னதை ஒளியளவு எனலாம். குருமட நூலகத்துப் பழைய நூல்களில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை நாங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே கண்டோம்; ஆயினும் முகமும் கையும் ஆடை மடிப்பும் தெளிவாகத் தெரிந்தன. நிறம் நீங்கியும் ஒளியளவு எஞ்சியிருந்ததே அதற்குக் காரணம். அசிசியிலோ ஒளியளவே தலைகீழானது. கதறும் வானதூதரின் முகத்தை நாம் முயன்றே கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தம் தொழிலின் நுட்பங்களை ஒரு கைந்நூலாக எழுதினார். சுவரில் ஈய வெள்ளையை இயன்றவரை தவிர்க்குமாறு அதில் எச்சரிக்கிறார். ஈரச்சுதை மீது தீட்டுவதற்குச் சுண்ணாம்பில் செய்த வெள்ளையே ஏற்றது. அதற்குப் 'புனித யோவானின் வெள்ளை' என்று பெயர். ஆடை தீட்ட மூன்று கிண்ணங்கள் வேண்டும் என்பது அவர் பாடம். ஒன்றில் கலப்பில்லாத நிறம், அது நிழலுக்கு. மற்றொன்றில் வெள்ளை மிகுதியாய்க் கலந்தது, அது ஒளிக்கு. மூன்றாவது இரண்டிற்கும் இடைப்பட்டது.

எளிய முறைதான், ஆனால் மஞ்சளிடம் அது தோற்றுவிடும். நீலம் இயல்பிலேயே இருண்டது. அதனால் நிழலைத் தாங்கும். மஞ்சளோ கலப்பின்றியே வெளிச்சமானது. அதனோடு கறுப்பைச் சேர்த்தால் அழுக்குப் படிந்ததுபோல் மங்கிவிடும். ஆகவே மஞ்சள் ஆடையின் மடிப்பில் பச்சையையோ சிவப்பையோ தீட்டினர். நிழல் வேறொரு நிறமாயிற்று. இத்தாலியர் இதனைக் 'காஞ்சாந்தே' என்பர்; மாறும் நிறம் என்று பொருள்.

மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தைத் தீட்டியபோது இம்முறையைத் தயக்கமின்றிக் கையாண்டார். ஏறத்தாழ 20 மீட்டர் கீழே நிற்பவர் கண்ணுக்கு உருவம் விளங்க வேண்டுமே! இறைவாக்கினர் தானியேலின் ஆடையில் மஞ்சள் பச்சையாக மாறுகிறது. ஆயினும் மெழுகுதிரிப் புகையும், பழுதுபார்த்தவர்கள் பூசிய விலங்குப் பசையும் நூற்றாண்டுகளாகப் படிந்ததால், அவரை இருளின் ஓவியர் என்றே பலர் எண்ணினர். நிறத்தில் நாட்டமில்லாத சிற்பி என்றுகூட எழுதினர்.

1980இல் தொடங்கி 1989இல் முடிந்த தூய்மைப் பணி அவ்வெண்ணத்தைக் கலைத்தது. ரோஜா, பச்சை, ஆரஞ்சு நிறங்கள் வெளிப்பட்டன. 'இறுதித் தீர்ப்பு' ஓவியமும் 1994இல் தூய்மை பெற்றது; அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்குத் திருப்பலி நிறைவேற்றினார்.

எல்லாரும் மகிழவில்லை. அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் பெக் கடுமையாக எதிர்த்தார். சுதை உலர்ந்தபின் ஓவியரே இட்ட இறுதி நிழல்களும் புகையோடு சேர்த்துக் கழுவப்பட்டன என்பது எதிர்த்தோர் வாதம். ஈசாயைக் குறிக்கும் முக்கோணப் பகுதியில் ஓர் உருவத்தின் கண்கள், பழைய புகைப்படத்தில் இருந்தவை, இப்போது வெறுமையாய் உள்ளன. ஓவியர் ஏறத்தாழ முழுவதையும் ஈரச்சுதையிலேயே தீட்டினார் என்பது பணியாளர் பதில். நிறங்களைப் பொறுத்தவரை பணியாளர் பக்கமே உண்மை என்பது என் துணிபு. புகை தானாக மஞ்சளின் மடிப்பில் பச்சையை வரைந்திருக்க முடியாது. அக்கண்களைப் பொறுத்தவரை எனக்கு அத்துணை உறுதி இல்லை. துடைத்ததை மீண்டும் வைக்க வழியுமில்லை.

2014இல் ஆயிரக்கணக்கான எல்.இ.டி. விளக்குகள் அங்கே பொருத்தப்பட்டன. மைக்கலாஞ்சலோ அறிந்தவை பலகணி ஒளியும் சுடரொளியும் மட்டுமே. தானியேலின் பச்சை நிழலை இன்று நாம் அவர் ஒருபோதும் கண்டிராத வெளிச்சத்தில் காண்கிறோம்.