தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு

கூரம் என்றதும் வைணவ அன்பர்களின் நினைவில் எழுபவர் இராமானுசரின் தலையாய சீடரான கூரத்தாழ்வார். வரலாற்று ஆர்வலர்களுக்கோ அப்பெயர் ஒரு செப்பேட்டை நினைவூட்டும். காஞ்சிபுரத்தை அடுத்துள்ள இச்சிற்றூரில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மர் காலத்துச் செப்பேடு அது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்த ஆவணத்தை 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்தார். கூரத்தில் எழுந்த சிவன் கோயிலான வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம், பரமேசுவரத் தடாகம் என்னும் ஏரி, அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்கால் ஆகியவற்றை அது விரிவாகப் பேசுகிறது.

கொடையளிக்கப்பட்ட ஊரின் வருவாயை அச்செப்பேடு 25 பங்காகப் பிரிக்கிறது. கோயில் பூசைக்கும் பராமரிப்புக்கும் 3 பங்கு. நான்மறை வல்லார் இருபதின்மருக்கு 20 பங்கு. கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு 1 பங்கு. எஞ்சியிருக்கும் அந்த ஒரே பங்குதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வழங்குவதற்காக ஒதுக்கப்பட்ட பங்கு அது! ஓரிடத்தில் மக்கள் கூடித் தங்க வேண்டுமாயின் நாவுக்கு நீர் வேண்டும், இரவுக்கு நெருப்பு வேண்டும். இந்த எளிய உண்மையை உணர்ந்து, அதற்கும் நிலத்தில் ஒரு பங்கு வைத்த காலத்தை எண்ணி எண்ணி மகிழ்ந்தோம்.

இடிந்து அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கும் கூரத்துத் தூங்கானைமாடக் கோயிலைச் சுற்றிவந்து ஒரு மரநிழலில் அமர்ந்திருந்தபோது, உடன்வந்த நண்பர் ஒரு வினாவை எழுப்பினார். செப்பேட்டில் பங்கு பெற்றவர்களை அறிவோம். பங்கு பெறாமலே ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடித் தங்கிச் செல்லும் மக்களின் வரலாற்றை எங்கே படிப்பது? விடையையும் அவரே சொன்னார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள் என்றார். போனோம். இக்கட்டுரை அந்த இரவின் விளைவு.

கூரத்திலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பயணம். முழுநிலவுக்கு முந்தைய மாலையில் நாங்கள் சென்று சேர்ந்தபோது, கடற்கரைக் கோயிலை அடுத்த மணற்பரப்பில் ஓர் ஊரே முளைத்திருந்தது. நான்கு கழிகளை நட்டு, பழஞ்சேலைகளைச் சுற்றிக்கட்டிய கூடாரங்கள். நெசவுக்குப் பேர்போன காஞ்சியின் பட்டல்ல அவை. உடுத்து நைந்த நூல்சேலைகள். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னும் மூன்று கற்கள், சுள்ளி அடுப்பு, உலைப்பானை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் எனப் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடிய இருளர் பெருமக்களின் ஊர் அது. அவ்வூருக்கு ஓரிரு நாட்களே ஆயுள்.

அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னிமார் வழிபாட்டோடு இணைந்தவள். சினங்கொண்டு கடலுக்குள் சென்றுவிட்ட அம்மனைக் கரைக்கு அழைக்கவே ஆண்டுதோறும் வருகிறோம் என்று, பேத்தியை மடியில் கிடத்தியிருந்த மூதாட்டி ஒருவர் எங்களிடம் சொன்னார். எத்தனை ஆண்டுகளாக வருகிறீர்கள் அம்மா என்று கேட்டோம். தம் தாயின் இடுப்பில் அமர்ந்து வந்த நினைவிலிருந்து தொடங்கினார். அதற்கு முன்பு? அவருடைய தாயும் அவ்வாறே வந்தவராம். ஆண்டுக் கணக்கு அவரிடம் இல்லை. தலைமுறைக் கணக்கு இருந்தது.

வைகறையில் அலை தொடும் ஈரமணலைக் குவித்து ஏழு படிகள் அமைத்தார்கள். பூவும் பழமும் தேங்காயும் படைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். அருள் வந்தவர் குறி சொன்னார். பிள்ளைகளுக்கு முடியிறக்கினார்கள், காது குத்தினார்கள். அந்த மணல் தெய்வத்தின் முன்பே திருமணங்களும் நடந்தன. கதிரவன் மேலெழுவதற்குள் முதல் படியை ஓர் அலை கரைத்துவிட்டது. எவரும் வருந்தவில்லை. கரைவதற்கென்றே கட்டிய கோயில் அல்லவா அது!

கடற்கரையில் முழுநிலா நாளில் கூடித் தெய்வம் நட்டு வழிபடுதல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாத புகார்ப் பரதவர், சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வத்தை வழிபட்டு, உண்டு ஆடிக் களித்ததைக் காட்டுகிறது. பல்லவர் காலத்தவரான திருஞானசம்பந்தர், மயிலாப்பூர்ப் பூம்பாவைப் பதிகத்தில் வரிசைப்படுத்தும் விழாக்களுள் மாசிக் கடலாட்டும் ஒன்று. கடலாடுதல் அன்றே பெருவிழாவாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

அதே உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு காட்சி காணக்கிடைக்கிறது. இரும்புப் பூண் பொருத்திய கோலால் மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கும் எயிற்றியரின் காட்சி. எலி வளையைத் தோண்டி, அது சேர்த்துவைத்த நெல்லை எடுக்கும் இருளரின் வாழ்முறையை அறிந்தவர்களுக்கு இவ்வடிகள் புதிய பொருள் தரும். எனினும் எயினரே இன்றைய இருளர் என்று முடிவுகட்டுவது ஆய்வுநெறியாகாது. தொண்டை மண்டலத்து மண்ணைத் தோண்டி உண்ணும் வாழ்க்கை மிகப் பழையது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

வேந்தர்களும் நீர்க்கரைகளில் தங்கினார்கள். பரமேசுவரவர்மரின் பகைவரான சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தர், காவிரியின் தென்கரையில் உறையூரில் பாசறை அமைத்திருந்ததை 674ஆம் ஆண்டின் கத்வால் செப்பேடு பெருமையுடன் பதிவுசெய்கிறது. கூரம் செப்பேடோ, அதே விக்கிரமாதித்தர் ஒரு கந்தையைப் போர்த்திக்கொண்டு ஓடியதாக எள்ளி நகையாடுகிறது. அரசர் பாளையமிறங்கினாலும் செப்பேடு, ஓடினாலும் செப்பேடு! கந்தையையே கூடாரமாக்கி அமைதியாகத் தங்கி, அமைதியாகக் கலைந்துசெல்லும் மக்களுக்குச் செப்பேடு ஏது?

முன்னோர் பாலையில் அலைந்த நாட்களை மறவாதிருக்க, யூதர்கள் ஆண்டுக்கு ஏழு நாட்கள் குடிலில் தங்கும் விழாவைக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு அவ்விழாவை விதிக்கும் மறைநூல் உண்டு. இருளருக்கு நூல் இல்லை. மீண்டும் வருதலே அவர்களுடைய நூல். மாசி முழுநிலா அதன் தேதி. மணல் அதன் ஏடு.

அந்த ஏட்டைச் சுற்றிலும் உலகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள், செங்கல்பட்டு இருளரை வில்லியர் என்னும் பெயராலும் குறிக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்து, அவர்களுள் பலர் நம்பியிருந்த பாம்புத்தோல் தொழில் முடிவுக்கு வந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாக மாறி நாடெங்கும் உயிர் காக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒருவர் பெயரிலேயே மாசி இருப்பதைக் கவனித்தீர்களா?

மறுபுறம், கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னரும், செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டோருள் இருளர் பலர். முன்பணத்தால் கட்டுண்ட குடும்பத்துக்கு, மாசி மகத்துக்குப் போய்வர இரண்டு நாள் விடுப்பு என்பதே விடுதலையின் அளவுகோல். கடற்கரைக்கு வந்துசேர்ந்த கூடாரங்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புகிறோமே, வர இயலாதவர்களை யார் எண்ணுவது?

மாமல்லபுரம் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் விடுதிகள் எழுந்தன. கடலைப் பார்த்தபடி கூடாரத்தில் ஓர் இரவு தங்குவது இன்று நகரத்தாருக்கு விலைகொடுத்து வாங்கும் இன்பம். அதனை நாம் குறைகூறவில்லை. பாறையைக் குடைந்த சிற்பியின் கைக்குக் கம்பிவேலியும் காவலரும் தந்த நாம், படியைக் குவித்த கைக்கு என்ன தந்தோம் என்பதே கேள்வி. அவ்விரவில் பெண்கள் குடத்தோடு குடிநீர் தேடி நெடுந்தொலைவு நடந்ததைக் கண்டோம். சுள்ளிகளை அவர்கள் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கூரத்தில் செப்பேடு தப்பியது. கோயிலின் மேற்கட்டுமானம் தப்பவில்லை. மாமல்லபுரத்து மணற்கோயில் ஆண்டுதோறும் அழிகிறது. ஆனால் வழிபாடு தப்பியிருக்கிறது. கல்லைக் காப்பதற்கான வழிமுறைகளை நாம் அறிவோம். மீண்டும் மீண்டும் வரும் ஒரு பழக்கத்தைக் காப்பதற்கு வேண்டுவன மூன்றே: யாரும் வளைத்துக்கொள்ளாத கொஞ்சம் மணல், குடிக்க நீர், மூட்ட நெருப்பு. இவற்றுள் பின்னிரண்டுக்கும் பரமேசுவரவர்மர் காலத்திலேயே 25இல் 1 பங்கு ஒதுக்கத் தெரிந்திருந்தது.

அடுத்த மாசி மகத்துக்கு வாய்ப்பிருந்தால் மாமல்லபுரம் சென்று வாருங்கள். ஒளிப்படக் கருவியைச் சற்றே மறந்துவிட்டு, ஒரு குடம் நல்ல நீரைக் கொண்டுசெல்லுங்கள். அந்தப் பழைய செப்பேட்டில் ஒரு வரியை நாமும் நிறைவேற்றியதாக இருக்கும்.