இராமானுசர் பட்டியலில் விடுபட்ட எண்

கும்பகோணத்தில் வளர்ந்து 1914-இல் இங்கிலாந்து சென்ற சீனிவாச இராமானுசர், மறு ஆண்டே மிகு பகு எண்களைப் பற்றிய நெடுங்கட்டுரை ஒன்றை இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவர்க்குப் பட்டம் வழங்கியது இவ்வாய்வு கருதியே. அக்கட்டுரையில் உள்ள பட்டியலில் ஓரெண் விடுபட்டுளது. அவ்விடுபாட்டின் இயல்பு யாதென ஈண்டு ஆராய்வோம்.

ஓரெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுந்த வகுத்திகளை உடையதே மிகு பகு எண். இத்தகைய எண்ணின் பயனைப் பழங்கிரேக்கரும் அறிந்திருந்தனர். பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில் நகரக் குடியினர் தொகையை 5040 என வரையறுத்தார். பலவாறு பகுத்தற்கு அஃது இடந்தரும் என்பது அவர் கருத்து. 5040-க்கு 60 வகுத்திகள் உள.

பிளேட்டோ கண்டது பயன். இராமானுசர் கண்டது அமைப்பு. மிகு பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதின், 2, 3, 5, 7 என அவை இடையறாது வரும். அடுக்குகள் மேற்செல்லச் செல்ல மிகா. 4, 36 என்னும் இரண்டும் ஒழிய ஏனையவற்றில் இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே. இவை அவர் நிறுவிய விதிகளுட் சில.

பட்டியலின் இறுதி எண் 6746328388800. அதன் வகுத்திகள் 10080. விடுபட்ட எண் 293318625600. இது 195545750400, 321253732800 என்னும் இரண்டற்கும் இடையே நிற்கற்பாலது. இம்மூன்றன் வகுத்திகளும் முறையே 4608, 5040, 5376 ஆதல் காண்க. விடுபட்ட எண்ணின் வகுத்தித் தொகை பிளேட்டோவின் 5040-ஆகவே அமைந்தமை சுவையுடைத்து.

இனி, அவ்வெண்ணின் உறுப்புகளை நோக்குவோம். 2-இன் ஆறாம் அடுக்கு, 3-இன் நான்காம் அடுக்கு, 5, 7 என்பவற்றின் வர்க்கங்கள், 11, 13, 17, 19 ஆகியவற்றின் பெருக்கமே அது. மேற்கூறிய விதிகள் அனைத்திற்கும் இஃது இயைந்து நிற்கிறது. மேலும், இதனை 23-ஆற் பெருக்கின் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கும். எனவே இறுதி எண்ணைக் கண்டவர்க்கு இதன் அமைப்புப் புலப்படாமல் இருந்தது எனல் பொருந்தாது. விதி வழுவவில்லை, கணக்கில் ஒன்று நழுவியது என்பதே துணிபு.

ஏட்டில் ஒரு சீர் விடுபட்டதை யாப்பே காட்டிக்கொடுத்தல் பதிப்பாசிரியர் அறிந்தது. இங்கும் ஆசிரியர் வகுத்த விதியே அவர் விட்டதைக் காட்டுகின்றது. கழகத்தின் பொருள்முட்டுப்பாட்டால் 1915-இல் அச்சேறாது நின்ற பகுதியும் நிக்கோலா, இராபின் என்னும் இருவர்தம் குறிப்புகளுடன் 1997-இல் வெளிவந்தது. இராமானுசரின் கணக்கெல்லாம் தெய்வ அருளால் விளைந்தது எனப் போற்றி அமைவார் அவர் பட்டியலைச் சரிபார்க்க முற்படார். வரிதோறும் கணித்து விடுபாட்டையும் சுட்டுவாரே அவர் உழைப்பின் அளவை உள்ளவாறு உணர்வர்.