திருநங்கைகள் பெண்கள் பிரிவில் விளையாடலாமா? விதி, அறிவியல், எண்கள்: முழு விளக்கம்

சனி, ஞாயிறு காலையில் மாட்டுங்கா தட்கர் மைதானம் பக்கம் போனால், கிட்பேக்கோடு வரிசையாக வரும் பசங்களைப் பார்க்கலாம். அந்த வரிசையில் நிற்கும் ஒருவர் நாளைக்கு, ‘நான் பையன் இல்லை, பெண்’ என்று சொன்னால் அடுத்த வாரம் எந்த நெட்டில் நிற்பது? எந்த டீமுக்கு செலக்‌ஷன் போவது?

இது கற்பனைக் கேள்வி இல்லை. மும்பை கிரிக்கெட்டிலேயே இது நடந்தது. முன்னாள் இந்திய கிரிக்கெட் வீரர் சஞ்சய் பாங்கரின் மகள் அனாயா பாங்கர், மாற்றத்துக்கு முன்பு மும்பையில் இஸ்லாம் ஜிம்கானா அணிக்காக விளையாடியவர். ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு, 2024 நவம்பரில் தன் மாற்றத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். உடல் மாறியது, தசை பலம் குறைந்தது. ஆனால் விளையாட இடம் இல்லை. காரணம், அதற்கு ஓராண்டு முன்பே ஐசிசி கதவை மூடிவிட்டது.

வாட்ஸ்அப் குரூப்பில் இந்த டாபிக் வந்தால் ரெண்டே நிமிஷத்தில் சண்டையாகிவிடுகிறது. அதனால் பொறுமையாக, ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கேதான் பாதி குழப்பம். ரெண்டு வேறு குழுக்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, திருநங்கைகள். பிறப்பின்போது ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, பின்னர் பெண்ணாகத் தங்களை உணர்ந்து வாழ்பவர்கள். அனாயா இந்தக் குழுவில் வருவார்.

ரெண்டாவது, இடைபாலினப் பண்புகளோடு பிறந்தவர்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழிலும் பெண் என்றே இருக்கும். ஆனால் க்ரோமோசோமோ ஹார்மோன் அளவோ வழக்கமான பெண் உடலிலிருந்து வேறுபடும். பலருக்கு டெஸ்ட் எடுக்கும்வரை அது தெரியவே தெரியாது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா இந்தக் குழுவைச் சேர்ந்தவர். அவர் திருநங்கை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அல்ஜீரிய குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபும் திருநங்கை இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க சோஷியல் மீடியா அவரை அப்படித்தான் அழைத்தது.

நம் சட்டமும் இந்தக் குழப்பத்துக்கு உதவவில்லை. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இடைபாலினத்தவரையும் ‘திருநர்’ என்ற ஒரே வரையறைக்குள் வைத்தது.

பெண்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு?

உலக சாதனைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விடை தெரியும்.

• 100 மீட்டர் ஓட்டம்: ஆண்கள் 9.58 விநாடி, பெண்கள் 10.49 விநாடி. பெண்களின் நேரம் 9.5% அதிகம்.
• 800 மீட்டர் ஓட்டம்: ஆண்கள் 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்கள் 1 நிமிடம் 53.28 விநாடி. வித்தியாசம் 12.3%.
• உயரம் தாண்டுதல்: ஆண்கள் 2.45 மீட்டர், பெண்கள் 2.10 மீட்டர். ஆண்கள் சாதனை 16.7% அதிகம்.
• நீளம் தாண்டுதல்: ஆண்கள் 8.95 மீட்டர், பெண்கள் 7.52 மீட்டர். ஆண்கள் சாதனை 19% அதிகம்.

9.5% என்பது கேட்கச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 100 மீட்டர் ஃபைனலில் தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் ஒரு சதவீதம்கூட இல்லாத ரேஸ்கள் உண்டு. தனிப் பிரிவு இல்லாவிட்டால் தடகளத்தில் பெண்கள் ஃபைனலுக்கே வர முடியாது.

இந்த வித்தியாசம் பெரும்பாலும் பருவ வயதில் உருவாகிறது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமானால் உயரம், எலும்பின் நீளம், தசை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் கூடுகின்றன. பெண்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் பொதுவாக லிட்டருக்கு 0.12 முதல் 1.79 நானோமோல் இருக்கும். ஆண்களுக்கு 7.7 முதல் 29.4 வரை. நடுவில் பெரிய இடைவெளி.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் அந்த வித்தியாசம் போய்விடுமா?

நேர்மையான பதில்: சிலது போகும், சிலது போகாது.

ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை மெதுவாகத்தான் குறைகிறது. உயரமும் எலும்பின் நீளமும் மாறவே மாறாது.

அமெரிக்க விமானப்படையில் பணிபுரிந்த திருநங்கைகளின் உடற்தகுதித் தேர்வு முடிவுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. ரெண்டு வருட சிகிச்சைக்குப் பிறகு புஷ்-அப், சிட்-அப் இரண்டிலும் மற்ற பெண்களோடு இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் ஓட்டத்தில் அவர்கள் அப்போதும் சுமார் 12% வேகமாக இருந்தார்கள்.

2024-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிதியில் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் வேறு கதை சொன்னது. திருநங்கை வீராங்கனைகளின் கைப்பிடி வலிமை மற்ற பெண்களைவிட அதிகம். ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால், தாண்டும் உயரமும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனும் குறைவு. அதாவது பெரிய வண்டி, ஆனால் சின்ன இன்ஜின்.

ரெண்டு ஆய்வுக்கும் ஒரு பலவீனம் உண்டு. முதல் ஆய்வில் இருந்தவர்கள் விளையாட்டு வீரர்கள் இல்லை, படைப் பணியாளர்கள். ரெண்டாவது ஆய்வில் இருந்த திருநங்கைகள் வெறும் 23 பேர். உச்ச நிலைப் போட்டியில் விளையாடும் திருநங்கைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்த டேட்டா மிகக் குறைவு. ‘அறிவியல் முடிவாகச் சொல்லிவிட்டது’ என்று எந்தப் பக்கத்திலிருந்து யார் சொன்னாலும், கொஞ்சம் உஷாராகக் கேளுங்கள்.

இப்போது விதி என்ன?

2021-ல் ஒலிம்பிக் கமிட்டி, ‘ஒவ்வொரு விளையாட்டுச் சம்மேளனமும் தானே முடிவெடுக்கட்டும்’ என்று ஒதுங்கிக்கொண்டது. அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

• 2022 ஜூன், நீச்சல்: 12 வயதுக்கு முன்பு, அல்லது ஆண் பருவ வளர்ச்சி தொடங்குவதற்கு முன்பு மாறியிருந்தால் மட்டுமே பெண்கள் பிரிவு.
• 2023 மார்ச், தடகளம்: ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகளுக்குச் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் அனுமதி இல்லை.
• 2023 ஜூலை, சைக்கிளிங்: கிட்டத்தட்ட அதே விதி.
• 2023 நவம்பர், கிரிக்கெட்: ஐசிசியும் அதே முடிவு. அறுவை சிகிச்சை செய்திருந்தாலும், ஹார்மோன் எடுத்திருந்தாலும் மாற்றமில்லை. அதற்கு ரெண்டு மாதம் முன்புதான் கனடாவின் டேனியல் மெக்கேஹி சர்வதேச கிரிக்கெட் ஆடிய முதல் திருநங்கை ஆனார். அதோடு அவருடைய சர்வதேச ஆட்டமும் முடிந்தது.
• 2025 செப்டம்பர், தடகளம்: பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் கலந்துகொள்ளும் எல்லோருக்கும், வாழ்நாளில் ஒரு முறை எஸ்ஆர்ஒய் ஜீன் டெஸ்ட் கட்டாயம்.

ஒரு முக்கியமான விஷயம்: ஐசிசி விதி சர்வதேசப் போட்டிகளுக்கு மட்டும்தான். உள்நாட்டு கிரிக்கெட்டை அந்தந்த நாட்டு வாரியத்திடம் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அனாயா 2025-ல் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் தன் உடல் திறனை அளந்து, அந்த அறிக்கையோடு ஐசிசி, பிசிசிஐ ரெண்டிடமும் வேண்டுகோள் வைத்தார். ‘என்னை விடுங்கள்’ என்பதைவிட, ‘அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்’ என்பதுதான் அவர் வாதம்.

எத்தனை பேர் விளையாடுகிறார்கள்?

2023-ல் தடகளத் தடையை அறிவித்தபோதே உலக தடகளத் தலைவர் செபாஸ்டியன் கோ ஒப்புக்கொண்டார்: அப்போது சர்வதேச தடகளத்தில் ஒரு திருநங்கைகூட இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சுமார் 5.1 லட்சம் பேர். அதில் திருநர் 10 பேருக்கும் குறைவு என்று அதன் தலைவர் 2024 டிசம்பரில் சொன்னார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்டு, ஒரு முறைகூட வெற்றிகரமாகத் தூக்காமல் வெளியேறினார்.

எண்ணிக்கை குறைவு என்பதால் கேள்வியே தப்பு என்று அர்த்தமில்லை. ஃபைனலில் எட்டு லேன்தான். நம் ஊரில் ஒரு லேன் என்பது வெறும் லேன் இல்லை. ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, ஒரு குடும்பத்தின் முதல் நிரந்தரச் சம்பளம். அதை இழப்போமோ என்று ஒரு பெண் பயந்தால், அந்தப் பயத்தை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

இந்தியாவில் இதற்கு விலை கொடுத்தது யார்?

இங்கேதான் கதை திரும்புகிறது. இந்தியாவில் இந்த விவகாரத்தில் பெரிதாக அடிபட்டவர்கள் திருநங்கைகள் இல்லை. பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பரில் டோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. சில நாட்களில் பாலினச் சோதனையில் தோற்றதாகச் செய்தி வந்தது; பதக்கம் பறிக்கப்பட்டது. டிவி பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது என்று பின்னர் பேட்டிகளில் சொன்னார்.

அவருடைய நேரத்தை மேலே இருக்கும் எண்களோடு வைத்துப் பாருங்கள். பெண்கள் உலக சாதனையைவிட கிட்டத்தட்ட 10 விநாடி பின்னால். அந்த ரேஸிலேயே அவர் முதலில் வரவில்லை. ‘நியாயமற்ற சாதகம்’ என்று சொல்லப்பட்ட உடல், தங்கம்கூட வாங்கவில்லை.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். ஆனாலும் 2012-ல் சாந்தி மறுபடி செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழக அரசின் தடகளப் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை. 2009-ல் இதே சோதனைச் சர்ச்சையில் சிக்கிய செமன்யாவிடம் அந்த வருட உலகத் தங்கம் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு நாடு நின்றது; வக்கீல்கள் இருந்தார்கள்.

அடுத்து ஒடிசாவின் டூட்டீ சந்த். ஹார்மோன் அளவைக் காட்டி 2014-ல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் போனார். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இயற்கையாக அதிகம் சுரக்கும் ஹார்மோன், ஆண்-பெண் இடைவெளி அளவுக்குச் சாதகம் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஆசியப் போட்டியில் டூட்டீ ரெண்டு வெள்ளி வென்றார்.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இன்னொன்று. ஹெப்டத்லானில் நந்தினி அகசரா 5,712 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். நாலு புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்ட சக இந்திய வீராங்கனை ஸ்வப்னா பர்மன், ‘ஒரு திருநரிடம் தோற்றேன்’ என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். ஆதாரம் எதுவும் தரவில்லை; பதிவையும் பிறகு நீக்கிவிட்டார். ஆனால் அந்தச் சந்தேகம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

ஜீன் டெஸ்ட் வந்தால் பிரச்சினை தீருமா?

எஸ்ஆர்ஒய் என்பது பொதுவாக ஒய் க்ரோமோசோமில் இருக்கும் ஜீன். கன்னத்தின் உட்புறம் துடைத்து எடுத்தோ ரத்தத்திலோ பார்க்கலாம். உடம்பைக் காட்டச் சொல்லும் 1960களின் சோதனையோடு ஒப்பிட்டால் இது மேல்தான். எல்லோருக்கும் ஒரே டெஸ்ட் என்பதால், ‘இவள் பெண்ணா?’ என்று ஒருவரை மட்டும் தனியாகக் குறிவைப்பது குறையும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

ஆனால் இது புதுசு இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. கூடுதல் பரிசோதனைக்குப் பிறகு எட்டுப் பேரும் விளையாட அனுமதிக்கப்பட்டார்கள். ஜீன் இருந்தாலும் உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத நிலை இருக்கலாம் என்பதுதான் காரணம். 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சோதனையையே கைவிட்டது. 1990-ல் எஸ்ஆர்ஒய் ஜீனைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, அதை வைத்து ஒருவரின் பாலினத்தை முடிவு செய்வது தவறு என்று 2025-ல் எழுதினார்.

அப்போ, மும்பையில் நம் லெவலில் இதற்கு என்ன அர்த்தம்?

மேலே சொன்ன விதிகள் எல்லாம் சர்வதேசப் போட்டிகளுக்கானவை. செம்பூர் சொசைட்டி பாக்ஸ் கிரிக்கெட்டுக்கோ, ஆபீஸ் பேட்மின்டனுக்கோ, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கோ அவை பொருந்தாது. அங்கே பதக்கமும் வேலையும் பணயத்தில் இல்லை. அங்கேயும் ஐசிசி விதியைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்தினால், அது நியாயத்துக்காக இல்லை.

‘தனிப் பிரிவு வைத்துவிடலாமே’ என்பது அடிக்கடி வரும் யோசனை. 2017-ல் கேரளா திருநருக்கென்றே மாநில விளையாட்டுப் போட்டி நடத்தியது. தொடக்கமாக நல்லதுதான். ஆனால் 2011 சென்சஸ்படி மகாராஷ்டிராவில் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் எல்லா வயதும் சேர்த்து 40,891, தமிழ்நாட்டில் 22,364. இதில் ஒரே விளையாட்டில், ஒரே வயதில், ஒரே தரத்தில் எட்டுப் பேரைத் திரட்டுவது எளிதில்லை.

உச்ச நிலைப் போட்டிக்கு ஒரு விதி, அடிமட்டத்துக்கு வேறு விதி என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதைவிட அவசரமானது வேறு. எந்த டெஸ்டாக இருந்தாலும் ரிசல்ட் முதலில் அந்த வீராங்கனைக்குத் தெரிய வேண்டும், டிவிக்கு இல்லை. மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். இலவச வக்கீல், டாக்டர், கவுன்சிலிங் வேண்டும்.

ஏனென்றால் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஒரு பெண் நாளைக்கு மாநில அணிக்கு ஓடிப்போகலாம். அவளும் அந்த டெஸ்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் ஏதாவது வித்தியாசமாக வந்தால், அவள் கையில் ஒரு வக்கீல் நம்பர் இருக்குமா? சாந்தியின் கையில் இருக்கவில்லை.