6–1, 6–4, 6–4: கிருஷ்ணனின் நளினத்துக்கு ஒரு கணக்கு

1961 விம்பிள்டன் கால் இறுதியில் ராமநாதன் கிருஷ்ணன் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை 6–1, 6–4, 6–4 என்று வென்றார். ஒவ்வொரு பந்தின் வேகமும் விழுந்த இடமும் கணினியில் ஏறுகிற காலம் இல்லை அது. முதல் சர்வீஸ் எத்தனை சதவீதம், வலைக்கு முன்னேறி எடுத்த புள்ளிகள் எத்தனை என்றெல்லாம் இன்றைய ரசிகன் கைபேசியில் பார்க்கும் அட்டவணைகள் அப்போது கிடையாது. மிஞ்சியிருப்பவை ஆறு எண்கள்.

எண்கள் இல்லாத இடத்தை உரிச்சொற்கள் பிடித்துக்கொண்டன. அன்றைய ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் கிருஷ்ணனின் ஆட்டத்தைக் கீழைத்தேய வசீகரம், மாயம் என்கிற தோரணையில் எழுதினார்கள். நாமும் அதை அப்படியே வாங்கி மென்மை, நளினம், கலைநயம் என்று தமிழாக்கிக்கொண்டோம். பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எமர்சனைப் பற்றி எழுதும்போது வேகம், உடல்வலு, உழைப்பு என்பார்கள். கிருஷ்ணனுக்கு வந்தால் மட்டும் வசீகரம். எமர்சன் அந்த வருடம் ஆஸ்திரேலிய சாம்பியன். அதே வருடம் அமெரிக்கப் பட்டத்தையும் எடுத்தார். இரண்டு இறுதி ஆட்டங்களிலும் அவரிடம் தோற்றவர் ராட் லேவர். அப்பேர்ப்பட்ட ஆளை மூன்றே செட்டில் வசீகரத்தை மட்டும் வைத்து அனுப்பிவிட முடியுமா? இந்தச் சந்தேகம்தான் என்னைக் கணக்குப் பக்கம் தள்ளியது.

டென்னிஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு செட்டில் பல கேம்கள். ஒரு கேம் முழுக்க ஒருவர் சர்வீஸ் போடுவார், அடுத்த கேமில் மற்றவர். சர்வீஸ் போடுபவருக்குத்தான் சாதகம். எதிராளியின் சர்வீஸ் கேமைப் பறித்தால் அது பிரேக். புல்தரையில் இந்தச் சாதகம் இன்னும் அதிகம். பந்து தரையைத் தொட்டதும் உராய்வு குறைவாக இருப்பதால் முன்னோக்கிய வேகத்தை அதிகம் இழக்காமல் சறுக்கும், எழும்பவும் எழும்பாது.

என் தாத்தா இதைப் பௌதிகம் படிக்காமலே சொல்வார். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். பால்மரம் வெட்டியது போக, துரைமார்கள் கிளப்பின் டென்னிஸ் புல்லை வெட்டுவது, உருளை இழுப்பது எல்லாம் அவர் தலையில்தான். "மழை பேஞ்சு ஒரு நாள் ஆயிருக்கும்யா, மேல காஞ்ச மாதிரிதான் தெரியும். பந்து விழுந்துச்சுன்னா எழும்பாது, வழுக்கிட்டுப் போவும். தொரை என் மூஞ்சியப் பாப்பாரு" என்பார். ஜொகூர் மழைக்கு ஒரு புல்தரையை மட்டமாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. விம்பிள்டன்காரர்களே புல்லை எட்டு மில்லிமீட்டரில் நிறுத்த வருடம் முழுக்கப் பாடுபடுகிறார்கள். 2001இல் அவர்கள் கலப்புப் புல்லை விட்டு முழுக்க ரை புல்லுக்கு மாறினார்கள். தரை இறுகி, பந்து கொஞ்சம் ஒழுங்காக எழும்பத் தொடங்கியது. அடுத்த வருட இறுதி ஆட்டத்திலேயே ஹூயிட்டும் நல்பாண்டியனும் அடிக்கோட்டில் நின்றே ஆடினார்கள். கிருஷ்ணன் காலத்துப் புல் அப்படி இல்லை. சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடிவந்து பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்து முடிப்பதே அன்றைய நடைமுறை.

இனி கணக்கு. நான் ஸ்கூடாயில் இரசாயனப் பொறியியல் படித்துவிட்டு பாசிர் கூடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். தொட்டிக்குள் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தனித்தனியாகத் தெரியாத நாட்கள் உண்டு. ஆனால் தொட்டியின் மட்டம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால், வந்ததுக்கும் போனதுக்கும் உள்ள வித்தியாசம் உறுதியாகத் தெரிந்துவிடும். டென்னிஸ் ஸ்கோரும் அப்படித்தான். ஒருவர் வென்ற கேம்களிலிருந்து அவர் சர்வீஸ் போட்ட கேம்களைக் கழித்தால் வருவது நிகர பிரேக்: அவர் பறித்ததில் பறிகொடுத்தது போக மீதி.

எமர்சன் ஆட்டத்தில் மொத்தம் 27 கேம். கிருஷ்ணனுக்கு 18, எமர்சனுக்கு 9. ஒருவர் 14 தடவை சர்வீஸ் போட்டிருப்பார், மற்றவர் 13. கிருஷ்ணன் 14 போட்டிருந்தால் நிகர பிரேக் 4. 13 போட்டிருந்தால் 5. அதாவது என்ன நடந்திருந்தாலும் எமர்சனின் சர்வீஸ் குறைந்தபட்சம் நான்கு தடவை உடைந்திருக்கிறது, மூன்று செட்டுக்குள். தன் சர்வீஸில் எமர்சன் காப்பாற்றியது அதிகபட்சம் 9. பதின்மூன்றில் ஒன்பது என்று அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாலும் 69 சதவீதம். இன்றைய ஆண்கள் ஆட்டத்தில் புல்தரையில் சர்வீஸ் போடுபவர் ஐந்தில் நான்குக்கு மேல் காப்பாற்றுகிறார்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிகழ்தகவு என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 60 புள்ளி வெல்பவர் ஏறத்தாழ 74 சதவீத கேம்களைக் காப்பாற்றுவார். 65 வென்றால் 83 சதவீதம். பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் 69 சதவீதத்துக்கு வேண்டியது 58 புள்ளி. ஆக எமர்சனின் சர்வீஸில் நூற்றுக்கு 42 புள்ளிகளையாவது கிருஷ்ணன் பிடுங்கியிருக்க வேண்டும். பதின்மூன்று கேம் சின்ன மாதிரிதான், முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் புல்தரையில், ஆஸ்திரேலிய சாம்பியனின் சர்வீஸில் 42! இதை மென்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எப்படிச் செய்தார்? அவருடைய சர்வீஸ் பலவீனமானது, குறிப்பாக இரண்டாவது சர்வீஸ், என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. நாகர்கோவிலில் பிறந்து அப்பா டி.கே. ராமநாதனிடம் பழகியவர் கிருஷ்ணன். சர்வீஸில் கிடைக்காததை ரிட்டர்னில் எடுத்தாக வேண்டிய ஆட்டம் அவருடையது. வலைக்கு ஓடிவருகிறவனின் காலடியில் பந்தைத் தாழ்வாகப் போட்டால், அவன் குனிந்து மேல்நோக்கித்தான் அடிக்க முடியும். அப்படி மிதந்து வரும் பந்தைத் திறந்துகிடக்கும் மூலைக்கு அனுப்பலாம். இதற்குப் பெரிய வீச்சு தேவையில்லை. எதிராளியின் வேகமே போதும், மட்டையின் கோணம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தமிழில் வாலி என்று எழுதினாலே கம்பராமாயணம் ஞாபகம் வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எதிரே நிற்பவனின் பலத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் வரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்டிக்கொள்ளாத அழகாகத் தெரியும். உள்ளே அரை வினாடிச் சொச்சத்தில் திசையைப் படித்து, காலை நகர்த்தி, கோணத்தை முடிவுசெய்கிற கடும் வேலை நடக்கிறது.

இதே கணக்கு கிருஷ்ணனின் தோல்விகளையும் மூடி மறைக்காது. அரையிறுதியில் லேவரிடம் 6–2, 8–6, 6–2. லேவரின் நிகர பிரேக் 5. அதற்கு முந்தைய வருட அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் 6–3, 6–2, 6–2. கிருஷ்ணன் எடுத்தது வெறும் ஏழு கேம். இரண்டு வருடமும் அவரை வென்றவர்தான் பட்டத்தையும் வென்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல். எனக்குக் கண்ணில் பட்டது வேறு: இருவருமே இடக்கைக்காரர்கள். டியூஸுக்குப் பிறகு கேமை முடிக்கும் புள்ளி எப்போதும் ஆடுகளத்தின் இடது பாதிக்குத்தான் வரும். 30–40 என்ற பிரேக் வாய்ப்பும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் இடக்கைக்காரனின் சுழற்சி சர்வீஸ் வலக்கைக்காரனின் பின்கைப் பக்கமாக விலகி, புல்லில் சறுக்கி, ஆடுகளத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். நெருக்கடியான புள்ளி வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு அடி நிலம் கூடுதல். காலடிக்குப் பந்தைப் போடுவதற்கு முதலில் பந்து கைக்கு எட்ட வேண்டுமே.

ஐந்து வருடம் கழித்து, கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் மறுபடி ஒரு இடக்கைக்காரர். 1966 டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2–2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக். 3–6, 6–4, 10–12 என்று மூன்று செட் முடிந்து, நான்காவதில் கிருஷ்ணன் 2–5. வயது 29. அங்கிருந்து 7–5, 6–2. பதின்மூன்று கேமில் பதினொன்று அவருக்கு. அந்த நான்காவது செட்டில் ஐந்து கேம் வரிசையாக எடுத்தார் என்றால், யார் முதலில் சர்வீஸ் போட்டிருந்தாலும் சரி, கோக்கின் சர்வீஸ் அடுத்தடுத்து இரண்டு தடவையாவது உடைந்திருக்கிறது. அதில் முதலாவதைக் கோக் காப்பாற்றியிருந்தால் ஆட்டமே முடிந்திருக்கும். ஆனால் மொத்த 61 கேமுக்கும் நிகர பிரேக் போட்டால் கிருஷ்ணனுக்கு 1 அல்லது 2, அவ்வளவுதான்.

இதன் பக்கத்தில் வைக்க இன்னொரு சென்னைக்காரர் இருக்கிறார். 1981 விம்பிள்டன் கால் இறுதி, இப்போது முழுத் தொழில்முறைக் காலம். விஜய் அமிர்தராஜ் ஜிம்மி கானர்ஸை 6–2, 7–5 என்று முதல் இரண்டு செட்டில் அடித்து, அடுத்த மூன்றை 4–6, 3–6, 2–6 என்று இழந்தார். 47 கேமில் விஜய்க்கு 22, கானர்ஸுக்கு 25. நிகர பிரேக் கானர்ஸுக்கு 1 அல்லது 2. கல்கத்தாவில் கிருஷ்ணனுக்கு இருந்த அதே இடைவெளி. ஒருவரை வீரர் என்கிறோம், மற்றவரை "அழகா ஆடுவாரு, முடிக்கத் தெரியாது" என்று விட்டுவிடுகிறோம். நம் ஊர் மேடைகளிலும் இந்த வசனம் நிறையக் கேட்டிருக்கிறேன், விளையாட்டுக்கு மட்டுமில்லாமல். தோற்றவனுக்கு அழகு, ஜெயித்தவனுக்கு வலு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, சௌகரியம்தான்.

கிருஷ்ணன் தொழில்முறைக்குப் போகவில்லை. ஜாக் கிராமர் தன் குழுவுக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். போயிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அன்றைய விதிப்படி மூடியிருக்கும். விம்பிள்டனில் அந்தத் தடை 1968இல்தான் நீங்கியது. பணத்தை விட்டு எதை எடுத்தார் என்பதற்கு 1966 டிசம்பர் ஒரு பதில். கல்கத்தா வெற்றியால் இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சவாலுக்குப் போனது. மெல்பர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தில் எடுத்தது. எதிரே நின்றவர்கள் நியூகோம்பும் ரோச்சும், அதற்கு முந்தைய வருட விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்கள். ரோச்சும் இடக்கைதான்.